கடலோர அலுவலகத்துக்கு ஒரு சர்வர்: பிராக்ஸ்மாக்ஸ் நிறுவுவது முதல் புயலுக்குப் பின் மீட்பது வரை

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு நான் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பல இடங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில் டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டினார்கள். அதில் முக்கால் மணி நேரம், மேஜைக்கு அடியில் இருந்த நான்கு கம்ப்யூட்டர்களைச் சரியான வரிசையில் எழுப்புவதிலேயே போய்விடும். லாகின் சர்வர் எழும் முன் கணக்கு சர்வர் எழுந்துவிடும். ஷேர் கிடைக்காது. மறுபடி ரீஸ்டார்ட். அதற்குள் ஜெனரேட்டரை நிறுத்த ஆள் வந்து நிற்பார். அந்த மாதம் அங்கே வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் தள்ளித்தான் போனது.

ஒரே பெட்டிக்குள் பல சர்வர்களை மென்பொருளாக ஓட்டும் விர்ச்சுவலைசேஷன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இரண்டு மணி நேரம்தான். நான்கு பெட்டிகள் ஒன்றானால் மின்செலவு குறையும், இடம் மிஞ்சும், எல்லாம் உண்மை. ஆனால் நம் கடற்கரையில் அதன் பெரிய பலன் வேறு: ஒரு முழு சர்வரே ஒரு கோப்பாகிவிடுகிறது (இப்படி மென்பொருளாக ஓடும் சர்வரைத்தான் வி.எம். என்கிறோம்). பெட்டி நனைந்தாலும் எரிந்தாலும், அந்தக் கோப்பின் நகலை வேறொரு பெட்டியில் போட்டு எழுப்பிவிடலாம். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இந்த ஒரு பலனை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

இருபது முப்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கான வழிகாட்டி இது. மஞ்சக்குப்பத்து ஆடிட்டர் அலுவலகம், சிப்காட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலை, புதுச்சேரியில் ஒரு மொத்த வியாபாரக் கடை என்று எதற்கும் பொருந்தும். விண்டோஸ் நிறுவுவதும் ஐ.பி. முகவரி கொடுப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏன் பிராக்ஸ்மாக்ஸ்?

விர்ச்சுவலைசேஷனுக்கு விஎம்வேர் நல்ல மென்பொருள். நானும் பல வருடம் அதில்தான் வேலை செய்தேன். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமம் நின்றது. 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பையும் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் அது திரும்ப வந்தது. இப்படி வருடத்துக்கு வருடம் மாறும் ஒன்றின் மேல் சின்ன அலுவலகத்தைக் கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிராக்ஸ்மாக்ஸ் 2008இலிருந்து இருக்கிறது. டெபியன் லினக்ஸின் மேல், வி.எம்.களை ஓட்டும் கே.வி.எம்.மை வைத்து, பிரவுசரில் எல்லாவற்றையும் பார்க்கும் திரையோடு தருகிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த 9ஆம் பதிப்பு டெபியன் 13இன் மேல் ஓடுகிறது. மென்பொருள் இலவசம், ஆதரவு வேண்டுமென்றால் பிராசஸர் சாக்கெட் கணக்கில் ஆண்டுச் சந்தா. வாடிக்கையாளரால் முடியுமென்றால் சந்தா வாங்கச் சொல்லுங்கள். நன்கு சோதித்த அப்டேட்டுகள் சந்தாதாரர்களுக்கான களஞ்சியத்தில்தான் வரும்.

படி 1: கணக்கெடுப்பு

ஒரு நாள் முழுக்க இதற்கு ஒதுக்குங்கள். எந்த இயந்திரத்தில் என்ன ஓடுகிறது, யார் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு ராம், எவ்வளவு டிஸ்க், யு.எஸ்.பி. லைசென்ஸ் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டேலி, ஃபைல் ஷேர், லாகின், வருகைப் பதிவு மென்பொருள் ஆகிய நான்கும் பெரும்பாலும் எல்லா இடத்திலும் இருக்கும்.

சிசிடிவி பதிவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இருபத்து நான்கு மணி நேரமும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருப்பது அதன் வேலை. கணக்கு மென்பொருளோடு அதை ஒரே டிஸ்க்கில் ஓட்டினால் எல்லாரும் “சிஸ்டம் ஸ்லோ” என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அது தன் தனிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இன்னொரு கேள்வியை முதலாளியிடம் நேராகக் கேளுங்கள்: “சார், எத்தனை மணி நேரம் சர்வர் இல்லாம ஓட்ட முடியும்? எவ்வளவு நேரத்து என்ட்ரியை மறுபடி போட்டுக்க முடியும்?” அவர் சொல்லும் இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். பேக்கப் எத்தனை தடவை, உதிரிப் பெட்டி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

படி 2: இடம், கரண்ட், எர்த்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அதன் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூரிலும் வெள்ளம். இதைப் பார்த்தபின் ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை: தரைத்தளத்தில் சர்வர் வைக்கக் கூடாது. மாடி இல்லாத கட்டடம் என்றால் சுவரில் பொருத்தும் ரேக்கை இடுப்புக்கு மேல் உயரத்தில் அடியுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் யு.பி.எஸ்.ஸும்கூட மேலே இருக்க வேண்டும். சர்வரை உயரத்தில் வைத்துவிட்டு யு.பி.எஸ்.ஸைத் தரையில் விட்ட இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உப்புக்காற்று அடுத்தது. தேவனாம்பட்டினம் பக்கம் இருந்த ஓர் அலுவலகத்தில், “காற்றோட்டமாக இருக்கட்டும்” என்று சர்வர் அறை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து ராமைக் கழற்றினேன். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய தொடுமுனைகளில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள். ரேக் திருகுகள் துருவேறி, ஸ்க்ரூடிரைவர் வைத்தால் தலை வழுக்கிக்கொண்டு வந்தது. மாதத்துக்கு ஒருமுறை சர்வர் காரணம் தெரியாமல் நின்றதற்கு அதுதான் காரணம். ஜன்னலை அடைத்துவிடுங்கள். ஏ.சி. போட்டு அறையை 18 முதல் 27 டிகிரிக்குள் வையுங்கள். 24, 25 போதும். அதற்குக் கீழே குளிரவைத்துவிட்டுக் கதவைத் திறந்தால், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் நீராகப் படியும்.

எர்த் குழியை எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்து அளந்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் சர்வரை அங்கே செருகாதீர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் கேபிள் ஃபைபராக இருக்கட்டும். செம்புக் கேபிள் 100 மீட்டரைத் தாண்டாது என்பது ஒரு காரணம். இடி விழும்போது அது மின்னலை ஸ்விட்சுக்குள் கொண்டுவந்துவிடும் என்பது இன்னும் பெரிய காரணம்.

படி 3: இயந்திரம்

நான் வழக்கமாகச் சொல்வது: 8 கோர், 64 ஜி.பி. ஈ.சி.சி. ராம் (பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ரகம்), 960 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டு, கோப்புகளுக்கு 4 டி.பி. ஹார்ட் டிஸ்க் இரண்டு, நெட்வொர்க் போர்ட் இரண்டுக்குக் குறையாமல். ஐலோ, ஐடிராக் போன்ற தொலைமேலாண்மை வசதி இருந்தால் மிகவும் நல்லது. பூட்டிய அலுவலகத்தில் இருக்கும் சர்வரை வீட்டிலிருந்தே எழுப்பலாம்.

எஸ்.எஸ்.டி.யில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். லேப்டாப்புக்கு விற்கும் மலிவான எஸ்.எஸ்.டி.யை, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கோப்பு முறையான இசட்.எஃப்.எஸ்.ஸோடு போட்டால் சீக்கிரம் தேய்ந்துபோகும். கரண்ட் போகும்போது கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்கும் மின்தேக்கி உள்ள சர்வர் ரக எஸ்.எஸ்.டி.யை வாங்குங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ரெய்டு கார்டு இருந்தால் அதை எச்.பி.ஏ. முறைக்கு மாற்றி, டிஸ்க்குகளை இசட்.எஃப்.எஸ். நேரடியாகப் பார்க்கும்படி செய்யுங்கள்.

ராம் கணக்கு இப்படி: பிராக்ஸ்மாக்ஸுக்கு 4 ஜி.பி., இசட்.எஃப்.எஸ். கேஷுக்கு 6, லாகின் சர்வருக்கு 4, டேலி ஓடும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வருக்கு 16, ஃபைல் சர்வருக்கு 4, வருகைப் பதிவுக்கு 4, சர்வர்களின் நிலையைக் கவனிக்கும் கண்காணிப்பு மென்பொருளுக்கு 2. மொத்தம் 40. மீதி 24ஐத் தொடாதீர்கள். பேக்கப்பை ரீஸ்டோர் செய்து சோதிக்க அந்த இடம் வேண்டும். பிராசஸரை இருப்பதைவிடக் கூடுதலாகப் பங்கு போடலாம், எல்லா வி.எம்.மும் ஒரே நேரத்தில் முழுவேகத்தில் ஓடுவதில்லை. ராமில் அப்படிச் செய்யாதீர்கள்.

படி 4: நிறுவல்

பயாஸில் இன்டெல் என்றால் வி.டி.எக்ஸ்., ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். வசதியை இயக்குங்கள். பென்டிரைவிலிருந்து நிறுவியைத் தொடங்கி, டிஸ்க் தேர்வுத் திரையில் ‘ஆப்ஷன்ஸ்’ அழுத்தி, ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் இசட்.எஃப்.எஸ். ரெய்டு 1ஐத் தேர்ந்தெடுத்து இரண்டு எஸ்.எஸ்.டி.களையும் சேருங்கள். நேர மண்டலம் கொல்கத்தா.

ஹோஸ்ட் பெயரையும் ஐ.பி.யையும் கேட்கும் திரையில் நிதானமாக இருங்கள். வி.எம்.கள் வந்தபின் ஹோஸ்ட் பெயரை மாற்றுவது பெரிய தலைவலி. அந்தத் திரையில் கேட்கும் மின்னஞ்சல் முகவரி, யாராவது தினமும் திறந்து பார்ப்பதாக இருக்கட்டும். டிஸ்க் கெட்டுப்போகும்போது கடிதம் அங்கேதான் வரும்.

நிறுவியபின் பிரவுசரில் அந்த ஐ.பி.யை 8006 போர்ட்டோடு திறங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வரும், பரவாயில்லை. சந்தா இல்லையென்றால், நோடின் (அதாவது உங்கள் சர்வரின்) பெயரைச் சொடுக்கி அப்டேட்ஸ் → ரிப்பாசிட்டரிஸ் போய், என்டர்பிரைஸ் களஞ்சியத்தை நிறுத்திவிட்டு நோ-சப்ஸ்கிரிப்ஷன் களஞ்சியத்தைச் சேருங்கள். அப்டேட், ரீபூட். அடுத்து டேட்டாசென்டர் → பர்மிஷன்ஸ் → டூ ஃபேக்டர் போய், ஃபோனில் ஆறு இலக்க எண் காட்டும் முறையை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

படி 5: நெட்வொர்க்

இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் வருடக்கணக்கில் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் விரல்ரேகை இயந்திரம் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். நான்காவது வாரம் பிடித்தேன். அந்த இயந்திரம் தயாரிப்பிலிருந்தே 192.168.1.201 என்ற முகவரியோடு வந்தது. அலுவலகம் முழுக்க 192.168.1 வரிசை. தானாக முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டி.எச்.சி.பி. வசதி 254 வரைக்கும் எல்லா எண்களையும் பகிர்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை மட்டும் வரும் ஒரு விற்பனைப் பிரதிநிதியின் லேப்டாப்புக்கு அந்த 201 போய்விழுந்திருந்தது. எல்லாமே ஒரே தெருவில் குடியிருந்தால் இப்படித்தான் முட்டிக்கொள்ளும்.

ஆகவே நெட்வொர்க்கைப் பிரித்துவிடுங்கள். ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பகுப்பதுதான் வி-லேன். மேலாண்மைக்கு வி-லேன் 10, முகவரி 10.10.10.0/24. ஊழியர்களுக்கு வி-லேன் 20, 10.10.20.0/24. சர்வர்களுக்கு 30. கேமரா, விரல்ரேகை இயந்திரம் போன்றவற்றுக்கு 40. வந்துபோகிறவர்களின் வைஃபைக்கு 50. வி-லேன் எண்ணையே முகவரியின் மூன்றாவது இடத்திலும் வைத்தால், முகவரியைப் பார்த்ததும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். 192.168.0, 192.168.1 வரிசைகளைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊழியரின் வீட்டு ரவுட்டரும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் இருக்கும். அவர் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வி.பி.என். (இன்டர்நெட் வழியே பாதுகாப்பான தனிவழி) போட்டால் லேப்டாப்புக்கு அலுவலகம் எது வீடு எது என்று குழம்பிவிடும்.

ஒவ்வொரு வரிசையிலும் 1 முதல் 99 வரை நீங்கள் கையால் கொடுக்கும் முகவரிகள், 100 முதல் 199 வரை டி.எச்.சி.பி. இந்தப் பட்டியலை அச்சிட்டு ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

இதற்கு மேனேஜ்டு ஸ்விட்ச் வேண்டும். சர்வர் செருகும் போர்ட்டில் வி-லேன் 10ஐ டேக் (எந்த வி-லேன் என்று காட்டும் எண்) இல்லாமலும் 20 முதல் 50 வரை டேக்குடனும் அனுப்புங்கள். பிராக்ஸ்மாக்ஸில் நோட் → சிஸ்டம் → நெட்வொர்க் போனால், வி.எம்.களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் ஒன்று, நிறுவும்போதே உருவாகி, பூஜ்ஜிய எண்ணோடு இருக்கும். அதைத் திறந்து ‘வி-லேன் அவேர்’ கட்டத்தில் டிக் போட்டு, ‘அப்ளை கான்ஃபிகரேஷன்’ அழுத்துங்கள். டேக் இல்லாமல் வருவது வி-லேன் 10 என்பதால் ஹோஸ்ட்டின் முகவரி அப்படியே மேலாண்மை வரிசையில் இருக்கும். ஒவ்வொரு வி.எம்.முக்கும் நெட்வொர்க் கார்டு கொடுக்கும்போது ‘வி-லேன் டேக்’ இடத்தில் 30 என்று போட்டால் போதும். இந்த மாற்றத்தைச் செய்யும்போது மானிட்டரும் கீபோர்டும் சர்வரில் செருகியிருக்கட்டும். தவறாகப் போனால் பிரவுசர் வழி அடைபட்டுவிடும்.

வி-லேன்களுக்கு இடையே வழி விடுவதும் தடுப்பதும் ஃபயர்வாலின் வேலை. மைக்ரோடிக் ரவுட்டரோ ஓ.பி.என்.சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் போட்ட சின்னப் பெட்டியோ, தனி இயந்திரமாக வையுங்கள். அதையும் வி.எம்.மாகவே ஓட்டலாம், நன்றாகவே ஓடும். ஆனால் சர்வர் படுத்தால் இன்டர்நெட்டும் படுத்துவிடும், உதவி தேடக்கூட வழியிருக்காது. விதிகள் எளிமையாக இருக்கட்டும். ஊழியர் வரிசையிலிருந்து சர்வர் வரிசைக்குத் தேவையான போர்ட்டுகள் மட்டும். கேமரா வரிசையிலிருந்து வெளியே எங்கும் போக வழியில்லை. விருந்தினருக்கு இன்டர்நெட் மட்டும். மேலாண்மை வரிசைக்கு உங்கள் இயந்திரத்திலிருந்து மட்டும்.

படி 6: வி.எம்.களை உருவாக்குவது

விண்டோஸ் வி.எம். உருவாக்கும்போது, விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வோடு, வி.எம்.களுக்கென்றே உள்ள விர்ட்டையோ டிரைவர் ஐ.எஸ்.ஓ.வையும் சேருங்கள். இயந்திர வகை கியூ35, பயாஸ் யு.ஈ.எஃப்.ஐ., டிஸ்க் விர்ட்டையோ ஸ்கசி, நெட்வொர்க் கார்டு விர்ட்டையோ. சி.பி.யு. வகையை ‘ஹோஸ்ட்’ என்று வையுங்கள். வேறு ரகப் பிராசஸர் உள்ள பெட்டிக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே நகர்த்தும் எண்ணம் இருந்தால் மட்டும் பொது வகையிலேயே விடுங்கள். வி.எம்.முக்குள்ளிருந்து பிராக்ஸ்மாக்ஸோடு பேசும் ‘கெஸ்ட் ஏஜென்ட்’ கட்டத்தில் டிக்.

விண்டோஸ் நிறுவி பாதியில் “டிஸ்க்கே இல்லை” என்று சொல்லும். புதியவர்கள் இங்கேதான் பயந்துபோவார்கள். ‘லோட் டிரைவர்’ அழுத்தி, இரண்டாவது ஐ.எஸ்.ஓ.வில் உள்ள ஸ்கசி டிரைவர் ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தெரியும். விண்டோஸ் எழுந்தபின், அதே ஐ.எஸ்.ஓ.வில் உள்ள கெஸ்ட் டூல்ஸை நிறுவிவிடுங்கள். நெட்வொர்க் டிரைவரும் கெஸ்ட் ஏஜென்ட்டும் அதிலேயே வந்துவிடும்.

உரிமத்தைக் கவனியுங்கள். 16 கோருக்கு வாங்கிய விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமம் அந்தப் பெட்டியில் இரண்டு விண்டோஸ் சர்வர் வி.எம்.களுக்கு இடம் தரும். மூன்றாவது வேண்டுமென்றால் கூடுதல் உரிமம். வருகைப் பதிவு, கண்காணிப்பு, ஃபைல் ஷேர் ஆகியவற்றில் லினக்ஸில் ஓடக்கூடியதை லினக்ஸுக்கு மாற்றினால் செலவு குறையும்.

அப்புறம், தானே புயலன்று நான் தேடிய அந்த வரிசை. வி.எம். → ஆப்ஷன்ஸ் போய் ‘ஸ்டார்ட் அட் பூட்’ஐ ‘யெஸ்’ ஆக்குங்கள். ‘ஸ்டார்ட்/ஷட்டவுன் ஆர்டர்’ என்ற இடத்தில் லாகின் சர்வருக்கு 1, தாமதம் 120 வினாடி. ஃபைல் சர்வருக்கு 2, தாமதம் 60. டேலி சர்வருக்கு 3. இனி ஒரே ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வரிசையாக எழும். அணையும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும்.

படி 7: பழைய இயந்திரங்களை உள்ளே கொண்டுவருவது

முடிந்தவரை புதிதாக நிறுவித் தரவை மட்டும் மாற்றுங்கள். நிறுவும் சிடி தொலைந்துபோன பழைய மென்பொருள் என்றால், மைக்ரோசாஃப்ட்டின் டிஸ்க்டூவிஎச்டி கருவியால் முழு டிஸ்க்கையும் ஒரு கோப்பாக்கி பிராக்ஸ்மாக்ஸில் இறக்கலாம். இறக்கிய டிஸ்க்கை முதலில் சாட்டா வகையாக இணையுங்கள். எழுந்து டிரைவர் போட்டபின் விர்ட்டையோவுக்கு மாற்றலாம். நேராக விர்ட்டையோ கொடுத்தால் நீலத்திரை வரும். விஎம்வேரிலிருந்து வருகிறவர்களுக்குப் பிராக்ஸ்மாக்ஸிலேயே இறக்குமதி வசதி இருக்கிறது.

டேலி உரிமம் இயந்திரத்தோடு கட்டப்பட்டது. பழைய இயந்திரத்தில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு வி.எம்.மில் மறுபடி ஆக்டிவேட் செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரை ஒரு மாதம் அணைத்தே வையுங்கள், ஃபார்மேட் செய்ய வேண்டாம்.

படி 8: பேக்கப்

முதலில் ஒரு விஷயம்: வி.எம்.மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட், பேக்கப் ஆகாது. அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. அப்டேட் போடும் முன் எடுத்து, எல்லாம் சரியென்றால் மறுநாளே அழித்துவிடுங்கள்.

பேக்கப்புக்கு இரண்டாவது பெட்டி வேண்டும். பழைய நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை நிறுவுங்கள். திரை 8007 போர்ட்டில் திறக்கும். மாறிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்வதால் முதல் நாளைத் தவிர மற்ற நாட்களில் சில நிமிடங்களில் முடியும். டேட்டாசென்டர் → பேக்கப் → ஆட் போய், தினமும் மதியம் ஒன்றும் இரவு ஒன்றும் வையுங்கள். பழையவற்றில் தினம் 7, வாரம் 4, மாதம் 6 வைத்துக்கொண்டால் போதும்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரை மனதில் வைத்து ஒரு வேலை செய்யுங்கள். பேக்கப் சர்வரில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவருக்கு ‘டேட்டாஸ்டோர் பேக்கப்’ என்ற உரிமையை மட்டும் கொடுங்கள். அந்தப் பயனரால் எழுதலாம், திரும்ப எடுக்கலாம், பழையதை அழிக்க முடியாது. அழிக்கும் வேலையைப் பேக்கப் சர்வரே தன் அட்டவணைப்படி செய்துகொள்ளட்டும். மெயின் சர்வரின் பாஸ்வேர்டு திருடனிடம் போனாலும் பேக்கப் தப்பும். இரண்டு பெட்டிக்கும் ஒரே ரூட் பாஸ்வேர்டு வைத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண்.

பேக்கப் பெட்டி வேறு அறையிலாவது இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு நகல் ஊருக்கு வெளியே வேண்டும். கடலூரில் அலுவலகம் என்றால் புதுச்சேரியில் வைத்த நகலை நான் வெளியூர் நகலாக எடுத்துக்கொள்வதில்லை. இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஒரே புயல் இரண்டையும் தொடும். திருச்சியிலோ கோவையிலோ இருக்கும் கிளை, அல்லது வாடகை சர்வர். மறைகுறியாக்கம் செய்து அனுப்புங்கள். அதன் சாவியைத் தாளில் அச்சிட்டு முதலாளியின் லாக்கரில் வையுங்கள். சாவி சர்வருக்குள் மட்டும் இருந்தால், சர்வர் போன அன்று எல்லா நகலும் திறக்கமுடியாத பெட்டிகள்.

கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனம் என்றால் இதில் சட்டமும் இருக்கிறது. மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள்.

படி 9: யு.பி.எஸ். பேச வேண்டும்

யு.பி.எஸ்.ஸின் யு.எஸ்.பி. கேபிள் பெரும்பாலும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். எடுத்து சர்வரில் செருகுங்கள். நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டால், பேட்டரி குறையும்போது சர்வர் தானே அணையும்.

எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைப் பெட்டியில் அச்சிட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை இறக்கி அளந்து பாருங்கள். 14 நிமிடம் தாங்குகிறது, வி.எம்.கள் அணைய 4 நிமிடம் ஆகிறது என்றால், கரண்ட் போன 5ஆவது நிமிடத்தில் அணைக்கத் தொடங்கும்படி வையுங்கள். அணைய மறுக்கும் வி.எம்.முக்குப் பிராக்ஸ்மாக்ஸ் 3 நிமிடம் காத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் பேட்டரி இரண்டு மூன்று வருடம்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சர்வர் அணைந்துவிட்டது, யு.பி.எஸ்.ஸில் இன்னும் சார்ஜ் மிச்சம், அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. அதனால் தானாக எழாது. சர்வர் அணைந்ததும் யு.பி.எஸ்.ஸையும் ஒருமுறை அணைத்துவிடும் அமைப்பு அந்த மென்பொருளில் இருக்கிறது, அதை இயக்குங்கள். பயாஸில் கரண்ட் வந்ததும் எழும்படி வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். புயல் எச்சரிக்கை வந்த நாட்களில் மட்டும் நான் இந்தத் தானியங்கி எழுச்சியை நிறுத்திவிடுவேன். கரண்ட் வந்து வந்து போகும்போது பாதி எழுந்து விழுவதைவிட, அணைந்தே இருப்பது நல்லது.

சின்ன ஜெனரேட்டரில் சில யு.பி.எஸ்.கள் உள்வரும் மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஃப்ரீக்வென்சி நிலையாக இல்லாததுதான் காரணம். யு.பி.எஸ்.ஸின் உணர்திறனை ஒரு படி குறைத்துப் பாருங்கள். இதையும் மழைக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

படி 10: வெளியிலிருந்து வருவது

8006 போர்ட்டையோ ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டையோ இன்டர்நெட்டுக்குத் திறக்கவே திறக்காதீர்கள். வயர்கார்டு வி.பி.என். போடுங்கள், யு.டி.பி. 51820 ஒன்றுதான் திறக்க வேண்டியிருக்கும். உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையே தொடங்கினால், சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து உள்ளே வரமுடியாது. நிலையான ஐ.பி. கேட்டு வாங்குங்கள்.

நேரத்தைச் சரியாக வைப்பதும் பதிவுகளைச் சேமிப்பதும் விருப்பம் சார்ந்த விஷயங்களாக இனி இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கவும் சொல்கிறார்கள்.

பல பெட்டிகளை ஒரே தொகுப்பாக இணைக்கும் கிளஸ்டர் போடலாமா என்று கேட்பார்கள். இரண்டு பெட்டிகளை மட்டும் கிளஸ்டராக்கினால், ஒன்று விழுந்ததும் மற்றதற்குப் பெரும்பான்மை ஓட்டு இல்லாமல் போய், புதிதாக எந்த வி.எம்.மையும் எழுப்ப மறுத்துவிடும். ஓட்டுப் போட மட்டும் மூன்றாவதாக ஒரு சின்னக் கருவி வைத்துச் சமாளிக்கலாம். இருபது பேர் அலுவலகத்துக்கு, தனித்தனியாக இரண்டு பெட்டியும் ஒழுங்கான பேக்கப்பும் போதும் என்பது என் கருத்து.

படி 11: மீட்பு ஒத்திகை

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும்.

பேக்கப் பட்டியலில் டேலி சர்வரின் நேற்றைய நகலைத் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டோர்’ அழுத்துங்கள். வி.எம். எண்ணை வேறாகக் கொடுங்கள். ‘யுனிக்’ கட்டத்தில் டிக் போட்டால் புதிய மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கிடைக்கும். ‘ஸ்டார்ட் ஆஃப்டர் ரீஸ்டோர்’ கட்டத்தைக் காலியாக விடுங்கள். ரீஸ்டோர் முடிந்ததும், எழுப்பும் முன், ஹார்ட்வேர் → நெட்வொர்க் டிவைஸ் போய் ‘டிஸ்கனெக்ட்’ டிக் போடுங்கள். இல்லையென்றால் ஒரே ஐ.பி.யில் இரண்டு சர்வர் எழுந்து அலுவலகமே நின்றுவிடும். இப்போது எழுப்பி, கன்சோலில் நுழைந்து, நேற்று கடைசியாகப் போட்ட வவுச்சர் இருக்கிறதா என்று கணக்கரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் வாயால் “இருக்கு” என்று சொல்ல வேண்டும்.

இந்த ஒத்திகை கைகொடுத்த ஒரு நாள் உண்டு. ஃபெஞ்சலுக்கு மறுநாள் காலை ஓர் அழைப்பு வந்தது. தரைத்தளத்தில்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்த ஓர் அலுவலகம். முழங்கால் தண்ணீரில் இறங்கி சர்வரைத் தூக்கினேன். பவர் சப்ளையின் காற்றுத் துவாரம் வழியாகச் சேற்று நீர் கொட்டியது. “தம்பி, கணக்கு?” என்றார் முதலாளி. “மாடியில இருக்குங்க சார்” என்றேன். பேக்கப் பெட்டியை மட்டும் முதல் மாடிக்கு ஏற்ற அவரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். என் வீட்டிலிருந்த உதிரிப் பெட்டியில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு, பேக்கப் சர்வரை இணைத்து, லாகின், ஃபைல், டேலி என்று வரிசையாக இறக்கினேன். ஒத்திகையில் 3 மணி 10 நிமிடம் ஆகியிருந்தது. அன்றைக்கு 3 மணி 40 நிமிடம். கூடுதல் அரை மணி நேரம் ஜெனரேட்டருக்கு டீசல் தேடியதில் போனது.

ஒத்திகை முடிந்ததும் தேதி, ஆன நேரம், எங்கே தடுமாறியது ஆகிய மூன்றையும் ரேக் கதவில் ஒட்டிய அதே தாளின் கீழே பேனாவால் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதைத் திறப்பவர் நீங்களாகவே இருக்க வேண்டும் என்றில்லை.